ஹால் 10-க்கு 16... சோஃபா எவ்வளவு? அருப்புக்கோட்டை, திருச்சுழி வீடுகளுக்கு ஓர் அளவுக் கணக்கு

தீபாவளி ஆஃபர். நோ காஸ்ட் இஎம்ஐ. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் மகனோ மகளோ ராத்திரி 11 மணிக்கு மொபைலில் ஒரு 'எல்' வடிவ சோஃபாவை கார்ட்டில் போடுகிறார். டெலிவரி முகவரி, அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு ஊர். 'அம்மா இனிமே தரையில உட்கார வேண்டாம்' என்பதுதான் நினைப்பு. பத்து நாள் கழித்து வீட்டிலிருந்து போன் வருகிறது. "சோஃபா வந்துருச்சுப்பா, நல்லாத்தான் இருக்கு. ஆனா நிலைக்குள்ள நுழைய மாட்டேங்குது."

வேலை தேடி வெளியூர் போன பிள்ளைகள் இருக்கிற எந்த ஊருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. நுழையாத சோஃபாவாவது பரவாயில்லை, திருப்பி அனுப்பிவிடலாம். நுழைந்துவிட்ட சோஃபாவின் பிரச்சினை அன்றைக்கு ராத்திரி பாய் விரிக்கும்போதுதான் தெரியும். நேற்றுவரை நாலு பேர் படுத்த ஹாலில் இன்றைக்கு இரண்டு பேருக்குத்தான் இடம்.

வீட்டு அலங்காரம் பற்றிப் பேசும் வீடியோக்களில் ஹால் என்றால் உட்காரும் இடம். கரிசல் காட்டு வீடுகளில் அப்படி இல்லை. பட்டாசாலை என்று பெரியவர்கள் சொல்லும் அந்த ஒரே அறைதான் பகலில் வழி, சாயங்காலம் டிவி ரூம், ராத்திரி படுக்கையறை, விசேஷத்தன்று பந்தி போடும் இடம். நெசவாளர் வீடாக இருந்தால் தொழிற்கூடமும் அதுதான். அதனால் இங்கே 'எந்த சோஃபா?' என்ற கேள்வி இரண்டாவதுதான். முதல் கேள்வி, 'எவ்வளவு தரை காலியாக இருக்கணும்?'

360 சதுர அடியில் சுவர் சாப்பிடுவது எவ்வளவு?

முதலில் வீட்டு அளவு. தமிழக அரசு 2024-25 பட்ஜெட்டில் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடிக்கு, தீப்பிடிக்காத வேறு பொருளில், பயனாளியின் விருப்பப்படி கூரை போட்டுக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்கு ஒதுக்கீடு 3.5 லட்சம் ரூபாய். 2011-ல் தொடங்கிய சூரிய மின்சக்தி பசுமை வீடுகள் 300 சதுர அடி. மத்திய அரசின் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் கிராமப்புற வீட்டுக்குக் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி. குடிசையை எடுத்துவிட்டு மச்சு வீடு கட்டும் குடும்பங்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம்.

ஆனால் 300 சதுர அடி என்பது சுவரையும் சேர்த்த அளவாக இருந்தால்? ஒரு கணக்குக்கு, வெளிப்புறம் 15-க்கு 20 அடி வீடு என்று வைத்துக்கொள்வோம். 9 இஞ்ச் சுவர் என்றால் நான்கு பக்கமும் கழித்து உள்ளே மிஞ்சுவது 13.5-க்கு 18.5. சுமார் 250 சதுர அடி. வெளிச்சுவர் மட்டுமே 50 சதுர அடியை எடுத்துக்கொண்டுவிட்டது. படுக்கையறை, அடுப்படி, இடையில் வரும் சுவர் எல்லாம் போக ஹாலுக்கு 100 முதல் 120 சதுர அடி கிடைத்தால் அதிகம். ஒரே ஒரு அறைதான் என்றாலும் அது குறைந்தது 9.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும், அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது தேசியக் கட்டிட விதித் தொகுப்பின் கணக்கு. 102 சதுர அடி, சுமார் 8 அடி அகலம்.

இப்போது அந்த ஹாலுக்குள் கடையில் விற்கும் '3+1+1' செட்டைப் போட்டுப் பாருங்கள். மூன்று பேர் சோஃபா ஆறரை அடி நீளம், இரண்டே முக்கால் அடி ஆழம். ஒற்றை சோஃபா இரண்டும் தலா இரண்டே முக்கால் அடிச் சதுரம். மூன்றும் சேர்ந்து 33 சதுர அடி. டீபாய் 7. உட்கார்ந்தவர் கால் நீட்ட இடம் தனி. பார்த்தால் சாமான் மட்டுமே 40 சதுர அடி. 120 சதுர அடி ஹாலில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வாரத்தில் எத்தனை மணி நேரம் அந்த ஐந்து இருக்கையிலும் ஐந்து பேர் உட்காருகிறார்கள் என்று யாராவது எண்ணிப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

10-க்கு 16 எங்கிருந்து வருகிறது?

சொந்தக் காசில் கொஞ்சம் பெரிதாகக் கட்டுபவர்கள் வீட்டில் ஹால் அளவை முடிவு செய்வது பெரும்பாலும் இன்ஜினியர் இல்லை, மனையடி சாஸ்திரம். அதில் 12, 13, 14, 15 அடிகள் ஆகாது. 10, 11, 16, 17 நல்லது. அதனால் 12-க்கு 14 என்று நல்ல சதுரமாக வரவேண்டிய ஹால், 10-க்கு 16 என்று ஒடுங்கி நீண்டுவிடுகிறது. நம்பலாமா வேண்டாமா என்பது அவரவர் பாடு. ஒரு லாபம் மட்டும் இருக்கிறது: மனையடி உள் அளவைத்தான் பார்க்கும். ஆகவே வீட்டுக்காரர் "பத்துக்குப் பதினாறு" என்று சொன்னால் அது சுவருக்குச் சுவர் உண்மையான அளவு. பூச்சு கொஞ்சம் தின்றிருக்கும், அவ்வளவுதான்.

இந்த 10-க்கு 16 ஹாலை வைத்தே பேசுவோம். தெருப் பக்கம் இருப்பது 10 அடிச் சுவர். அதில் தலைவாசல். நேர் எதிரே, 16 அடி தள்ளி, அடுப்படிக்குப் போகும் வாசல். முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். காற்றுக்கு அது நல்லது.

தலைவாசலிலிருந்து அடுப்படி வரை ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், சோத்துப் பானை எல்லாம் அந்த வழியில்தான் போகும். அதற்கு 3 அடி அகலம் வேண்டும். 3 அடிக்கு 16 அடி, 48 சதுர அடி. இது எந்த பர்னிச்சரும் தொடக் கூடாத தரை.

கேள்வி, அந்த 3 அடி எங்கே ஓடுகிறது என்பதுதான். வாசல் 10 அடிச் சுவரின் நட்டநடுவில் இருந்தால் வழி ஹாலை இரண்டாகக் கிழித்துவிடும். இந்தப் பக்கம் மூன்றரை அடி, அந்தப் பக்கம் மூன்றரை அடி. இரண்டே முக்கால் அடி ஆழமுள்ள சோஃபாவைப் போட்டால் உட்கார்ந்தவரின் முழங்கால் வழியில் நிற்கும். எதிர்ப்பக்கம் டிவி என்றால், அடுப்படிக்குப் போகிறவர் ஒவ்வொரு முறையும் படத்துக்குக் குறுக்கே போவார். வாசல் ஒரு ஓரமாக இருந்தால்? வழி ஓரத்தில் ஒதுங்கிவிடும், 7 அடி அகலத்தில் 16 அடி நீளத்துக்கு ஒரே துண்டாகத் தரை கிடைக்கும். அதே சதுர அடிதான். ஆனால் ஒன்று ஹால், இன்னொன்று நடைபாதை.

படுக்கையறைக் கதவுக்கும் இதே விதி. அது வழி இருக்கும் பக்கத்துச் சுவரில் இருந்தால் எதிர்ச்சுவர் முழுசாக நமக்கு. மாறி இருந்தால் எதிர்ச்சுவரும் உடைந்துவிடும். இன்னும் நிலை வைக்காத வீடாக இருந்தால் கொத்தனாரிடம் இதைச் சொல்லச் செலவு எதுவும் இல்லை. சோஃபா வாங்கும் நாளில் எடுக்கும் முடிவைவிட, நிலை வைக்கும் நாளில் எடுக்கும் முடிவு பத்து மடங்கு முக்கியம். நம் ஊரில் நிலை வைக்க நல்ல நேரம் பார்க்கிறோம், மஞ்சள் குங்குமம் வைக்கிறோம், ஆனால் உள்ளே எங்கே உட்காரப் போகிறோம் என்று பார்ப்பதில்லை.

ராத்திரியிலிருந்து தொடங்குங்கள்

கடைக்காரர் பகல் வெளிச்சத்தில் ஹாலை யோசிக்கிறார். வீட்டுக்காரர் ராத்திரி பத்து மணியிலிருந்து யோசிக்க வேண்டும்.

ஒரு ஆள் பாயில் தாராளமாகப் படுக்க 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம். நாலு பேர் வரிசையாகப் படுத்தால் 10 அடிக்கு 6 அடி. நமக்குக் கிடைத்த 7-க்கு 16 துண்டில் இதைக் கழித்தால் மிஞ்சுவது தெருப் பக்கம் 6 அடி நீளம், 7 அடி அகலம். வீட்டின் 'சோஃபா பகுதி' அவ்வளவுதான். அதில் 6 அடி நீள சோஃபா ஒன்று, அல்லது ஒரு திவான், அதன் முன்னால் தூக்கி ஓரம் வைக்கக்கூடிய சின்ன டீபாய். ஆறரை அடி சோஃபா வாங்கினால் கடைசியில் படுக்கிறவர் தலை அதில் இடிக்கும். அரை அடி வித்தியாசம்தான். போட்டோவில் தெரியாது.

பொங்கலுக்குப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று வந்து சேரும்போது நாலு எட்டாகும். அப்போது நகர்த்த முடியாத சாமான்தான் வீட்டில் ஆகப் பெரிய எதிரி. இந்த ஊர் வீடுகளில் பிளாஸ்டிக் சேரும் கயிற்றுக் கட்டிலும் இவ்வளவு காலம் நின்றதற்கு வறுமை மட்டும் காரணமில்லை. பத்து சேரை அடுக்கினால் ஒரு சேரின் இடம். கட்டிலைச் சுவரில் நிமிர்த்திவிட்டால் அரை அடி. சோஃபாவை அப்படி நிமிர்த்த முடியாது.

திவான் என்ற பழைய சாமானை இளசுகள் மறந்துவிட்டார்கள். 6 அடிக்கு இரண்டரை அடி, பகலில் மூன்று பேர் உட்காரலாம், ராத்திரி ஒருவர் படுக்கலாம், அடியில் பெட்டி வைத்துச் செய்தால் போர்வை தலையணை எல்லாம் உள்ளே போகும். 'சோஃபா கம் பெட்' அதே வேலையைச் செய்யுமே என்று கேட்கலாம். செய்யும். ஆனால் விரித்தால் முன்னால் 6 அடி தரை கேட்கும் மாடல்கள் அதில் உண்டு. மூடியிருக்கும்போது அளந்தால் போதாது, விரித்த அளவைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நாளையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஃப்ரீசர் பெட்டி வைக்க இடம் வேண்டும். சுமார் 7 அடிக்கு இரண்டரை அடி, அதைச் சுற்றி உட்கார்ந்து அழ இடம், ஒரு பக்கம் ஆட்கள் வந்து போக வழி. எந்த பிளானிலும் இதை யாரும் வரைய மாட்டார்கள். ஆனால் நடுராத்திரியில் சோஃபாவை நாலு பேர் தெருவில் தூக்கிப் போட்ட வீடுகளுக்கு இது தெரியும்.

வெயில், ஃபேன், மேற்குச் சுவர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மானாவாரி பூமி. மழை குறைவு, வெயில் அதிகம். பகலெல்லாம் சூட்டைக் குடித்த கான்கிரீட் தளம் சூரியன் இறங்கிய பிறகு அதை வீட்டுக்குள் இறக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கும் ஹால் வெந்துகொண்டிருப்பது அதனால்தான். ஓட்டு வீட்டில் இருந்து மச்சு வீட்டுக்கு மாறியவர்கள் முதல் சித்திரையிலேயே இதைச் சொல்லிவிடுவார்கள்.

இதற்கும் பர்னிச்சருக்கும் என்ன சம்பந்தம்? முதலாவது, ஃபேன். வழக்கமான 48 இஞ்ச் ஃபேன் ஒன்று 10-க்கு 12 அறைக்குச் சரி. 16 அடி நீள ஹாலில் நடுவில் ஒரே ஃபேன் போட்டால், தெருப் பக்க சோஃபாவுக்கும் காற்று வராது, அடுப்படிப் பக்கம் படுப்பவருக்கும் வராது. தளம் போடும்போதே 4-வது அடியில் ஒன்று, 12-வது அடியில் ஒன்று என்று இரண்டு கொக்கி விட்டுவிட்டால் பின்னால் துளை போடுகிற வேலை இல்லை. சென்ட்ரிங் அடிக்கும்போது எலக்ட்ரீஷியன் வரும் அந்த அரை நாளில் வீட்டில் யாராவது இருக்க வேண்டும். பெரும்பாலும் இருப்பதில்லை.

இரண்டாவது, மேற்குச் சுவர். சாயங்கால வெயில் நேராக அடிக்கும் சுவர் அது. அதில் முதுகைச் சாய்த்து உட்காரும்படி சோஃபாவைப் போடாதீர்கள். பீரோ, புத்தக அலமாரி, நெல் மூட்டை எதுவானாலும் அங்கே வைத்தால் சூட்டுக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு தடுப்பு. சுவரை ஒட்டாமல் இரண்டு மூன்று இஞ்ச் விட்டு வைப்பது நல்லது. ஈரத்துக்கும் கரையானுக்கும் அது உதவும். கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் மண் என்பதால் சுவரில் விரிசல் விழுவது இங்கே சகஜம். பீரோவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் அந்த இடைவெளி வேண்டும்.

மூன்றாவது, துணி. ரெக்சின் சோஃபா ஏசி ஷோரூமில் உட்கார ஜம்மென்று இருக்கும். மே மாசம் பட்டப்பகலில் பனியனோடு அதில் சாய்ந்தவர்கள் எழுந்திருக்கும்போது வரும் சத்தத்தை மறக்க மாட்டார்கள். மரம், பிரம்பு, நார்ப் பின்னல், மேலே துவைக்கக்கூடிய பருத்தி உறை. இந்தப் புழுதிக்கும் வெயிலுக்கும் அதுதான் தாங்கும்.

தறி இருக்கிற வீடு

அருப்புக்கோட்டை நெசவுக்குப் பேர் போன ஊர். கைத்தறி இருக்கும் வீடுகளில் ஹால் பற்றிய இந்தப் பேச்சே வேறு. அங்கே முதல் பர்னிச்சர் தறிதான். சேலை நெய்யும் தறி ஒன்று ஏறக்குறைய 6 அடிக்கு 8 அடி, 48 சதுர அடி. நெய்பவர் ஏறி இறங்க, தார் சுற்றும் ராட்டையை வைக்க என்று சேர்த்தால் இன்னும் 15, 20. குழித்தறி என்றால் தரையிலேயே பள்ளம் பறித்து ஊன்றியது, நகர்த்தவே முடியாது. பாவைக்கூடத் தெருவில் நீட்டிக் கஞ்சி போடலாம். தறியை அப்படி வெளியே கொண்டுபோக முடியாது.

படித்து வேலைக்குப் போன பிள்ளை ஊருக்கு வரும்போது சொல்லும் முதல் வார்த்தை, "இந்தத் தறியைப் பின்னாடி தள்ளிட்டு ஹாலை ஹாலா ஆக்கலாம்ல?" நண்பர்கள் வந்தால் உட்கார வைக்க இடமில்லை என்ற கூச்சம் அதில் இருக்கிறது. கூச்சம் நியாயம்தான். ஆனால் அந்த 48 சதுர அடிதான் ஃபீஸ் கட்டியது. தறிக்கு வெளிச்சம் வேண்டும், ஜன்னல் வேண்டும், பாவு நூலுக்கு ஈரப்பதம் வேண்டும். கொல்லைப்புறத் தகரக் கொட்டகைக்குத் தள்ளினால் நெய்பவர் வெந்துபோவார், நூல் காய்ந்து அறும்.

அப்படிப்பட்ட வீட்டில் செய்யக்கூடியது, தறி இருக்கும் பக்கத்தைத் தறிக்கே விட்டுவிட்டு, நடமாடும் வழியை அதன் ஓரமாக ஓட்டி, வாசல் பக்கம் ஐந்தடி நீளத்துக்கு ஒரு பெஞ்ச். போதும். விருந்தாளி தறியைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கட்டும்.

பீரோ வேன்

பர்னிச்சர் வாங்குபவர் ஒருவர், அளவு தெரிந்தவர் இன்னொருவர் என்ற சிக்கல் ஆன்லைனில் தொடங்கியது அல்ல. கல்யாணச் சீரில் வரும் கட்டில், பீரோ, மெத்தை எல்லாம் அப்படித்தான் வருகின்றன. பெண் வீட்டார் கடன் வாங்கி மதுரையிலோ அருப்புக்கோட்டையிலோ வாங்குகிறார்கள், மாப்பிள்ளை வீட்டு அறையின் அளவு அவர்களுக்குத் தெரியாது, கேட்கவும் சங்கடம். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. பீரோ மட்டும் இன்னும் வேனில் ஏறி வந்துகொண்டுதான் இருக்கிறது.

வழக்கமான ஸ்டீல் பீரோ ஆறரை அடி உயரம், 3 அடி அகலம், 19 இஞ்ச் ஆழம். தரையில் பிடிக்கும் இடம் 5 சதுர அடிதான். ஆனால் கதவைத் திறந்து முன்னால் ஆள் நிற்க இன்னும் இரண்டரை, மூன்று அடி வேண்டும். படுக்கையறையில் ஏற்கெனவே மாமியாரின் பீரோ ஒன்று இருக்கும். புதுப் பீரோ ஹாலுக்கு வரும். அதுவும் பெரும்பாலும் ஜன்னலை மறைத்துக்கொண்டு. வந்த மருமகளின் துணியும் நகையும் நாலு பேர் நடமாடும் ஹாலில் இருக்கும், திறக்கும்போதெல்லாம் யாராவது பார்ப்பார்கள். அளவு தெரியாமல் வாங்கிய சாமான் கடைசியில் ஒரு பெண்ணின் அந்தரங்கத்தில் போய் இடிக்கிறது.

நிச்சயத்தன்றே ஒரு இஞ்ச் டேப்போடு போய் அளந்துவிடுவது மரியாதைக் குறைவு இல்லை. அந்த வேலையை மாப்பிள்ளையே செய்து வாட்ஸ்அப்பில் அளவை அனுப்பினால் இன்னும் நல்லது. சீரே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதைவிட நல்லது.

வயதானவர் நடக்கும் வழி

'அம்மா தரையில் உட்கார வேண்டாம்' என்ற அக்கறையில் வாங்கும் சோஃபா சில நேரம் அம்மாவுக்குத்தான் சரிப்படாது. தாழ்வான, ஆழமான, உள்வாங்கும் மெத்தை சோஃபாவில் உட்கார்ந்தால் முழங்கால் வலிக்காரர் எழுந்திருக்க ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். இருக்கை தரையிலிருந்து 18 இஞ்ச் உயரம், கெட்டியான மெத்தை, ஊன்றி எழ இரண்டு பக்கமும் கைப்பிடி. இது மூன்றும் இருந்தால் ஒற்றை மர நாற்காலி ஒன்றே எல் சோஃபாவைவிட மேல்.

அதைவிட முக்கியம் படுக்குமிடத்திலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழி. இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் கழிப்பறை கொல்லைப்புறம். ராத்திரி இரண்டு மணிக்கு, லைட் போடாமல், தூங்குகிறவர்களை மிதிக்காமல், டீபாய் முனையில் இடிக்காமல் போய்வர வேண்டும். கண்ணாடி டீபாயை இந்த ஒரு காரணத்துக்காகவே தவிர்க்கலாம். கைத்தாங்கி வைத்து நடப்பவர் என்றால் 3 அடி வழி கட்டாயம். சக்கர நாற்காலி திரும்ப 5 அடி வட்டம் வேண்டும்.

இடத்தை அளப்பதற்கு முன் அங்கே நடக்கும் வேலையை அளக்க வேண்டும் என்பதை உலகத்துக்குச் சொன்னவர்களில் ஒருவர் வியன்னாவைச் சேர்ந்த கட்டிடக் கலைஞர் மார்கரேட்டெ ஷூட்டே லிஹோட்ஸ்கி. 1926-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக அவர் வரைந்த அடுப்படி ஏறக்குறைய ஆறேகால் அடிக்கு 11 அடி. ரயிலின் உணவுப் பெட்டியில் சமையல் நடப்பதைப் பார்த்து, சமைப்பவர் எத்தனை எட்டு வைக்கிறார் என்று கணக்கிட்டு வரைந்தது. அலமாரி எவ்வளவு அழகு என்று அவர் தொடங்கவில்லை.

நம் பக்கத்தில் திண்ணை அந்த வேலையைச் செய்தது. வெளியாள் திண்ணையோடு, உறவு பட்டாசாலை வரை. உட்கார வைக்கவென்று உள்ளே சாமான் தேவைப்படவில்லை. வீட்டு மனை சுருங்கியதும் முதலில் போனது திண்ணை. அது போனதும்தான் ஹாலுக்குள் சோஃபா வந்தது. கனவு இல்லம் திட்டத்தில் வரும் அந்த விருப்ப 60 சதுர அடியை முன்பக்கம் ஓடு வேய்ந்த திண்ணையாக எடுத்தால், வந்து போகிறவர்கள் உட்கார வெளியிலேயே இடம் கிடைத்துவிடும். ஹால் தரை வீட்டு ஆட்களுக்கு. கேரளத்தில் சிக்கனமாக வீடு கட்டிக் காட்டிய லாரி பேக்கர், இருக்கையைக் கடையில் வாங்காமல் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடுவார். ஜன்னலுக்கு அடியில் ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல் கட்டி, மேலே கடப்பா கல் பதித்தால் உள்திண்ணை ரெடி. வெயில் காலத்தில் குளுகுளுவென்று இருக்கும், கரையான் தொடாது, இஎம்ஐ இல்லை.

டைல்ஸை எண்ணினால் போதும்

சரி, எல்லாம் யோசித்தாகிவிட்டது, வாங்கத்தான் போகிறோம் என்றால்?

புது வீடுகளில் பதிக்கும் தரை டைல்ஸ் பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் சதுரம், ஏறக்குறைய 2 அடி. 10-க்கு 16 ஹால் என்பது 5 டைல்ஸ் அகலம், 8 டைல்ஸ் நீளம். ஊரில் இருக்கும் அப்பாவிடம் டேப் பிடிக்கச் சொல்லத் தேவையில்லை. வீடியோ காலில் தரையைக் காட்டச் சொல்லி எண்ணிக்கொள்ளலாம். 6 அடி சோஃபா மூன்று டைல்ஸ். நடைவழி ஒன்றரை டைல்ஸ்.

டேப் கட்டாயம் தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்று, தலைவாசல். மூன்றரை அடி நிலை என்று சொல்வது மரத்தின் வெளி அளவு. மரச்சட்டம் போக, திறந்த கதவின் கனம் போக, உள்ளே கிடைப்பது 3 அடிக்கும் குறைவாக இருக்கும். சோஃபாவின் உயரம், ஆழம் இரண்டில் எது குறைவோ, அது இந்த இடைவெளியைவிடக் குறைவாக இருந்தால் சாய்த்து உள்ளே கொண்டுபோய்விடலாம். கால் கழற்றும் மாடலா என்றும் பாருங்கள், மூன்று நாலு இஞ்ச் மிச்சம். தெரு குறுகலாக இருந்தால் வேன் எதுவரை வரும் என்பதையும் கேட்டுவிடுங்கள். எல் சோஃபா என்றால் நீண்ட பக்கம் வலமா இடமா என்று ஆர்டரில் கேட்பார்கள். சில கடைகள் எதிரே நின்று பார்ப்பவர் கணக்கில் சொல்லும், சில உட்காருபவர் கணக்கில். போன் செய்து கேட்காமல் அதை அழுத்தக் கூடாது.

டிவி அளவுக்கு ஒரு எளிய கணக்கு: திரையின் இஞ்ச் அளவை 1.6-ஆல் பெருக்கினால் உட்கார வேண்டிய தூரம் இஞ்சில் வரும். 43 இஞ்சுக்கு 69 இஞ்ச், சுமார் ஐந்தே முக்கால் அடி. 55 இஞ்சுக்கு ஏழேகால் அடி. 10 அடி அகல ஹாலில் ஒரு சுவரில் சோஃபா, எதிர்ச்சுவரில் டிவி என்றால் கண்ணுக்கும் திரைக்கும் நடுவில் 8 அடி. இரண்டுமே சரிவரும். 75 இஞ்சுக்கு 10 அடி தூரமே வேண்டும். டிவி பாயின்ட் எந்தச் சுவரில் என்பதைச் சுவர் கொத்துவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். ஹாலின் மற்ற எல்லாமே அந்த பிளக்கைச் சுற்றித்தான் அமையப் போகிறது.

கடைசி வேலை காசில்லாதது. வாங்க நினைக்கும் சோஃபாவின் நீள அகலத்தை ஹால் தரையில் கோலமாவில் கோடு போடச் சொல்லுங்கள். டீபாயையும் சேர்த்து. மூன்று நாள் அப்படியே இருக்கட்டும். ஒரு ராத்திரி எல்லோரும் கோட்டுக்கு வெளியே பாய் விரித்துப் படுக்கட்டும். ஒரு நாள் சொந்தக்காரர் யாராவது வந்துவிட்டுப் போகட்டும். சிலிண்டர் வருகிற நாளாக இருந்தால் இன்னும் விசேஷம். மூன்றாம் நாள் சாயங்காலம் வீடியோ காலில் தரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், கோடு எந்தெந்த இடத்தில் அழிந்திருக்கிறது என்று.